644 என்ற எண்ணில் என்ன ஆபத்து?

டேட்டாபேஸுக்கு நாம் வைக்கும் கடவுச்சொல், அந்த மென்பொருள் வழியாக வருபவரை மட்டும்தான் தடுக்கும். அட்டவணைகளோ கடைசியில் வட்டில் கிடக்கும் சாதாரணக் கோப்புகள். அவற்றை யார் திறக்கலாம் என்று முடிவு செய்வது இயங்குதளம். அங்கே அனுமதி தளர்வாக இருந்தால், அதே கணினியில் ஏதோ ஒரு கணக்கு வைத்திருப்பவர் டேட்டாபேஸில் லாகின் செய்யாமலே கோப்பைப் படித்துவிடுவார். குறியாக்கம் செய்யாத தரவு என்றால் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உள்ளே அப்படியே தெரியும்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. தரப்புக்கு ஒரு இலக்கமாகக் கூட்டி எழுதினால் 600, 644 என்று வரும். 600 என்றால் உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். 644 என்றால் எழுதுவது அவர் மட்டும், படிப்பது எல்லோரும். 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும்; அது, திரையில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்ததும் அவசரத்தில் நாம் அடிக்கும் எண். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்போம். மாற்ற மாட்டோம்.

பொதுவாக மென்பொருள் தன் தரவுக் கோப்புறையைப் பத்திரமாகவே வைத்திருக்கும். கசிவது பேக்கப்பில். நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் ஒரு புதுக் கோப்பை உருவாக்கும்போது 666 என்று தொடங்கும். ‘யுமாஸ்க்’ என்ற அமைப்பு அதில் சிலவற்றை எடுத்துவிடும். பல கணினிகளில் அது 022. ஆக மிஞ்சுவது 644. இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் மொத்த டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் கொட்டி, ஊருக்கே படிக்கக் கொடுத்துவிட்டுப் போகிறது. யுமாஸ்க் 077 என்று ஒரு வரி அதன் தலையில் இருந்தால் 600 ஆகியிருக்கும்.

படிக்கும் அனுமதியால் தரவு போகும். எழுதும் அனுமதியால் கணினியே போகும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2016 செப்டம்பரில் வெளியான பாதுகாப்பு ஓட்டை இதற்கு நல்ல உதாரணம். அந்த சர்வரைத் தொடக்கிவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் பல நிறுவல்களில் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் செய்யக்கூடிய அதிகாரத்தோடு, ஓடியது. சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பை அது படித்து, அதில் சொன்ன நிரல் நூலகத்தை முன்கூட்டியே ஏற்றும். அமைப்புக் கோப்பில் எழுத டேட்டாபேஸ் கணக்குக்கே, அதாவது சர்வர் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அதற்கே, அனுமதி இருந்துவிட்டால்?

டேட்டாபேஸுக்குள் போதிய அதிகாரம் உள்ள ஒருவர், பதிவேட்டை, அதாவது லாகை, இனி அந்த அமைப்புக் கோப்பிலேயே எழுதச் சொல்வார். பிறகு தான் விரும்பும் வரிகளை ஒரு வினவலுக்குள், அதாவது குவெரிக்குள், வைத்து அனுப்புவார். வினவல் லாகில் பதிவாகும். லாக் இப்போது அமைப்புக் கோப்பு. அடுத்த முறை சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது அவருடைய நூலகம் ரூட்டாக ஓடும்.

எல்லோரும் எழுதக்கூடிய அமைப்புக் கோப்பை மைஎஸ்கியூஎல் ஏற்கெனவே புறக்கணித்துத்தான் வந்தது. ஆனால் இந்தக் கோப்பு எல்லோருக்கும் திறந்தில்லையே, டேட்டாபேஸ் கணக்குக்கு மட்டும்தானே! சோதனையில் அது சிக்கவே சிக்காது. ஓட்டையை அடைத்த பதிப்புகள் அமைப்புக் கோப்புகளுக்குரிய பின்னொட்டுள்ள பெயரில் லாக் எழுதுவதைத் தடுத்தன; நூலகம் எந்தக் கோப்புறையில் இருக்கலாம் என்றும் கட்டுப்படுத்தின.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் இன்னும் பிடிவாதம். தரவுக் கோப்புறை 700 அல்லது, 11-ஆம் பதிப்பிலிருந்து, 750 என்று இல்லாவிட்டால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. நள்ளிரவில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம்தான்.

கோப்பை மட்டும் பார்த்தாலும் போதாது. கோப்புறையில் எழுதும் அனுமதி இருப்பவர், உள்ளே இருக்கும் கோப்பு தன்னுடையதாக இல்லாவிட்டாலும், வழக்கமாக அதை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க முடியும்.

சரி, பேக்கப் கோப்பில் 644-ஐப் பார்த்துவிட்டோம், உடனே 600 ஆக்கிவிட்டோம். அத்தோடு முடியவில்லை. லினக்ஸ் அனுமதியைப் பார்ப்பது கோப்பைத் திறக்கும் அந்த நொடியில் மட்டும். முன்பே திறந்து வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும். யாராவது நகல் எடுத்திருந்தால் அது திரும்பி வராது. அந்தப் பேக்கப்புக்குள் இருந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் மாற்றியாக வேண்டும்.