சி.எஸ்.ஆர். என்றால் ரசீது, வழக்கு இல்லை

கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சி.எஸ்.ஆர். என்று சொன்னால் 'எது?' என்று கேட்க வேண்டியிருக்கும். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவிடுவதற்கும் அதே பெயர்தான். அதை விடுங்கள். இங்கே சொல்ல வந்தது காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். பற்றி.

'கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர்' என்பதன் சுருக்கம் அது. பெயரைக் கேட்டால் மரம் நடுகிறவர்களின் பதிவேடு என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில், வழக்காகப் பதியாத மனுக்களை எழுதி வைப்பது இதில்தான். எழுதியதும் எண் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். நாளடைவில் பதிவேட்டின் பெயர் சீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. "சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று நிம்மதியாகச் சொல்கிற பெண்கள் பலர், கேஸ் பதிவாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

'சமுதாயப் பணிப் பதிவேடு' என்ற நேர் மொழிபெயர்ப்பு பேச்சில் ஏறவில்லை. 'மனு ரசீது' ஏறியிருக்கிறது. 'ரசீது' பாரசீகச் சொல். வந்து சேர்ந்தது என்பது அதன் பொருள். சீட்டு சொல்வதும் அவ்வளவுதான்: தாள் வந்து சேர்ந்தது. தமிழில் 'மனுப் பற்றுச்சீட்டு' என்றால் சரியாக இருக்கும். 'மனு ஏற்புச் சான்று' என்பது எனக்கு உடன்பாடில்லை. 'ஏற்பு' என்றால் குறையையே ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. (புகாரும் 'கூவி அழைத்தல்' என்று பொருள்படும் வடக்கத்திய 'புகார்'தான், காவிரிப்பூம்பட்டினத்துப் புகாருக்கும் அதற்கும் உறவில்லை. முறையீடு என்பது நம் சொல்.)

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பழையதிலும் சரி புதியதிலும் சரி, சி.எஸ்.ஆர். என்ற பெயரே கிடையாது. அங்கே இருப்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்றது. அதற்கும் காலக்கெடு உண்டு. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173ஆம் பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாள் முதல்கட்ட விசாரணையை அனுமதிக்கிறது.

வன்புணர்வு, மானபங்கம், அமில வீச்சு போன்றவற்றில் பதிவு செய்யாத அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. கணவன் வீட்டுக் கொடுமை அந்தப் பட்டியலில் இல்லை. 'பேசி அனுப்பிட்டோம்' என்ற ஒரு வரியோடு அது சி.எஸ்.ஆரிலேயே தங்கிவிடுவது எளிது.

தங்கினால் கணக்கிலும் வராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது எஃப்.ஐ.ஆர்.களை மட்டுமே. ஆகவே ஒரு மாவட்டத்தில் பெண்கள் மீதான வன்முறை குறைந்தது என்று அரசு சொன்னால், அடி உதையே குறைந்ததா, பதிவு குறைந்ததா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மகளிர் காவல் நிலையங்கள் வழங்கிய மனு ரசீதுகள் எத்தனை, அவற்றில் வழக்கானவை எத்தனை, சமரசம் என்று முடித்தவை எத்தனை என்று மாவட்ட வாரியாக அரசே வெளியிட்டால்தான் அது வெளிப்படைத்தன்மை.

அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தன் மனுவே ரசீதோடு நின்றுபோனவர், விவரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப அதே 173ஆம் பிரிவு வழிவிடுகிறது. கூடலூரிலிருந்து அவர் அலுவலகம் இருக்கும் ஊட்டி 50 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை விட்டு மலையேற வேண்டாம், பதிவுத் தபால் போதும். அதற்கும் அசைவில்லை என்றால் அடுத்து மாஜிஸ்திரேட். அனுப்பும்போது சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இன்ன தேதியிலேயே காவல் நிலையத்துக்குத் தெரியும் என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி.