பந்தலை வெட்டுங்கள், கொடியைப் பிரிக்காதீர்கள்

பந்தல் மாற்றப்போய்க் கொடியைக் கெடுத்ததில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. 12 வயது ரங்கூன் மல்லி. பந்தல் கால் உளுத்துவிட்டது, புதுசு போட வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கொடியாகப் பிரித்துத் தரையில் கிடத்தியிருந்தார். என்னைக் கூப்பிட்டது இலையெல்லாம் சுருண்ட பிறகு. “ஒரு கொடியைக்கூட வெட்டலை” என்றார், பெருமையாக. தூருக்கு மேலே தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனில் இருந்த கொடியில் பட்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பழுப்பேறியிருந்தது.

வெட்டினால் செத்துவிடும், பிரித்தால் பிழைக்கும் என்று எங்கிருந்துதான் பிடித்தார்களோ! சுற்றிச் சுற்றி வளர்ந்த கொடி அந்த வளைவிலேயே முற்றிக் கட்டையாகிவிட்டது. அதை நிமிர்த்தினால் பட்டை விரியும், உள்நார் முறியும். கத்தரி போட்ட காயம் ஒரே இடத்தில் இருக்கும், ஆறிவிடும். திருகிய காயம் கொடி நெடுக ஓடும், பாதி கண்ணுக்கே தெரியாது. துண்டு துண்டாக நறுக்கி உருவ வேண்டியது பந்தலின் பழைய கம்பியைத்தான்.

முதலில் புதுக்கால்களை நடுங்கள், பழையதை அப்புறம் எடுக்கலாம். குழியைத் தூரிலிருந்து இரண்டடியாவது தள்ளித் தோண்டுங்கள், வேரைக் கொத்திவிட்டால் வேறு வைத்தியம் கிடையாது. பிறகு நாலைந்து தடித்த கொடிகளை மட்டும் இடுப்புயரத்தில் நிறுத்தி, மற்றதைக் கழித்துவிடுங்கள். முல்லையும் போகன்வில்லாவும் புதுத்துளிரில்தான் பூக்கும், பயப்பட வேண்டாம். பேஷன் ஃப்ரூட் அப்படியல்ல, பழைய கட்டையிலிருந்து சரியாகத் துளிர்க்காது. பச்சை இலையோடு கொஞ்சம் விட்டே வெட்டுங்கள். திராட்சையைத் துளிர்விடத் தொடங்கும் நேரத்தில் தொடாதீர்கள், வெட்டுவாயில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். சுவரில் ஒட்டிப் படரும் கொடியைப் பிய்த்து மறுபடி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். பழைய பற்றுவேர் இரண்டாம் முறை பிடிக்காது, புதுத்தளிர்தான் ஏறும்.

கட்டுவதற்குச் சணல் போதும், எட்டுப் போட்டுத் தளர்வாக. கம்பி வேண்டவே வேண்டாம். இலை குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், தண்ணீரைக் குறையுங்கள்.

அந்த ரங்கூன் மல்லியைப் பிளவுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டேன். வெட்டுவாய் பச்சையாகத்தான் இருந்தது. இன்னும் துளிர்க்கவில்லை. உரம் போடலாமா என்று நேற்றும் போன் செய்தார். துளிர் விரற்கடை நீளம் வரும்வரை கூடாது, ஐயா.