450 வாட் என்று போட்டிருந்தால் போதுமா?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் என் அக்கா மகன் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கியவன், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்டை மாற்றிக் கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி) மட்டும் கேபினெட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிட்டான். அதன்மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கேம் ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை இருண்டு, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். "மாமா, கார்டு போச்சு" என்று போன் பண்ணினான்.

கார்டுக்கு ஒன்றும் இல்லை. எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிக்கச் சொன்னேன். 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். மிச்சத்தை 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மற்ற கட்டங்களில் கூட்டி 450 ஆக்கியிருக்கிறார்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது 12 வோல்ட்டில்தான். அவன் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். கல்யாணத்துக்கு 450 பேருக்குச் சமையல் என்று சொல்லிவிட்டு, பாதிப் பேருக்கு மேல் மோர் மட்டும் ஊற்றின கதை.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி கரண்ட்டை முதலில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக மாற்றி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கிக்கொள்கிறது. அப்புறம் அதை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. 50 ஹெர்ட்ஸில் இதே வேலையைச் செய்ய கிலோக்கணக்கில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இந்த வேகத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று போதும். வெளியே 12 வோல்ட் சற்று இறங்கினால் வெட்டும் துண்டின் அகலத்தைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். அதனால்தான் சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினாலும் மெஷின் ஓடுகிறது. ஆனால் அதே வாட்டைக் கொடுக்கக் கூடுதல் ஆம்பியர் இழுக்க வேண்டும், உள்ளே சூடு ஏறும். கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 105 டிகிரி கெப்பாசிட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். 80 பிளஸ் முத்திரையும் சூட்டுக் கணக்குதான்: வாங்கும் 100 வாட்டில் குறைந்தது 80 வெளியே போகும், மிச்சம்தான் வெப்பம்.

கரண்ட் போகும் நொடியில் தேக்கி வைத்ததை வைத்து நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். அதற்குள் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறிவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதில் வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. 1914இல் திறந்த பாம்பன் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது. அந்தக் காற்றைத்தான் எஸ்எம்பிஎஸ் விசிறியும் உள்ளே இழுக்கிறது. படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் திறந்து காட்டினார்: செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு, திருகுகளில் துரு. (நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் அடிக்கும்.) கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலை விட்டு நகர்த்தினோம்.

550 வாட்டில் புதிது வாங்கினோம். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். ரீஸ்டார்ட் நின்றது. ஆனால் மறுநாளே அடுத்த போன்: "கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு இருக்கு மாமா. பழசுல இப்படி இல்லையே."

பழசில் இருக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் எர்த்தோடு இணைத்திருக்கும். மலிவு சரக்கில் காசு மிச்சம் பிடிக்க அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். எர்த் சரியாக இல்லாவிட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில் கேபினெட் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுரீரோடு போகும்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வாசலில் தோண்டிப் பார்த்தோம். எர்த் பைப்பின் கிளாம்பை உப்பு முழுசாகத் தின்றிருந்தது. கம்பி மண்ணுக்குள் தனியாகக் கிடந்தது.