பழைய புகைப்படத்துக்கு வார்னிஷ் பூசும் முன்

பழைய படம் மங்கத் தொடங்கியதும், மேலே எதையாவது பூசிக் காப்பாற்றலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸ்பிரே வார்னிஷ், லேமினேஷன் இரண்டுமே வேண்டாம். படத்தைத் தாங்கும் படலம் பெரும்பாலும் ஜெலட்டின் என்ற புரதப் பொருள். அது ஈரப்பதத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அதே அளவில் அசையாது. நாளடைவில் விரிசல் விடும், படலத்தையும் உரித்துக்கொண்டு வரும். லேமினேஷனில் சூடும் பசையும் சேர்ந்துவிடுவதால் பிரித்தெடுக்கவே வழியில்லை.

பூச்சு தேவைப்பட்ட காலமும் இருந்தது. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் (கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றிப் படமெடுக்கும் முறை) படலம் மிக மெல்லியது, சட்டென்று கீறல் விழும். அதனால் கண்ணாடித் தகட்டை இளஞ்சூடாக்கி, ஆல்கஹாலில் கரைத்த சாண்டராக் பிசினை ஊற்றி, மிச்சத்தை ஒரு மூலை வழியாக வடிப்பார்கள். அதில் சேர்த்த லாவெண்டர் எண்ணெய், பூச்சு நொறுங்காமல் இருப்பதற்காக. இன்று அந்த வார்னிஷ் மஞ்சளடித்திருந்தாலும் ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள். வார்னிஷ் கரையும், கொலோடியனும் இளகும், படம் பஞ்சோடு வந்துவிடும்.

தகட்டில் பளபளப்பில்லாத பக்கமே படலம் உள்ள பக்கம் என்ற பொதுவான அடையாளமும் இங்கே ஏமாற்றும். வார்னிஷ் பூசிய கொலோடியன் இரு பக்கமும் பளபளக்கும். சாய்வான வெளிச்சத்தில் ஓரங்களைப் பாருங்கள்: ஊற்றி வடித்த தடமும், விரலால் பிடித்த மூலையில் பூச்சு படாத இடமும் தெரியலாம். ஆம்ப்ரோடைப்பில் (கறுப்புப் பின்னணியால் பாசிட்டிவாகத் தெரியும் கண்ணாடி நெகட்டிவ்) பின்புறக் கறுப்பும் படத்தின் ஒரு பகுதிதான். அழுக்கென்று சுரண்டிவிட்டால் பாசிட்டிவ் தோற்றமே போய்விடும்.

ஜெலட்டின் படலமுள்ள கண்ணாடித் தகடுகளின் ஓரத்தில் தெரியும் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு, படத்தை உருவாக்கும் வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்து வந்ததன் அடையாளம். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் குறை தீராது, உள்ளேயே அடைபடும்.

இன்று காப்புப் பூச்சின் வேலையை உறைதான் செய்கிறது. தகட்டுக்கு, பசை இல்லாத, நான்கு மடிப்புள்ள அமிலமற்ற காகித உறை. அச்சுப்படத்துக்குப் பூச்சில்லாத பாலியெஸ்டர் உறையும் ஆகும். ஆனால் படலம் உதிரும் படத்துக்கு வேண்டாம், நிலைமின்சாரம் துகளை இழுத்துவிடும். பிவிசி உறை எதற்கும் கூடாது. முழுத் தகடுகளை நீளமான விளிம்பில் செங்குத்தாக நிறுத்துங்கள், உடைந்தவற்றைப் படுக்கையாக வையுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கமில்லாமல். பருத்திக் கையுறையில் கண்ணாடி வழுக்கும், நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை நல்லது.