சிகிச்சைக் காலத்து இரத்தப் பரிசோதனையும் நுண்கரு எண்ணிக்கையும்

கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெறும் புற்றுநோயாளிகளிடம் செல்மரபியல் ஆய்வுக்காக இரத்தம் கேட்கும்போது, “கட்டி கரைகிறதா என்று பார்க்கத்தானே?” என்று பலரும் கேட்கிறார்கள். நாங்கள் பார்ப்பது கட்டியை அன்று. சிகிச்சையின் தாக்கம் கட்டியோடு நில்லாமல் லிம்போசைட் என்னும் நல்ல வெள்ளணுக்களின் குரோமோசோம்களை, அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் இழைகளை, எவ்வளவு உடைத்திருக்கிறது என்பதையே.

இரத்த ஓட்டத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்ந்திருக்கும். ஆகவே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் குழாயில் எடுத்த இரத்தத்தை 37 டிகிரி செல்சியஸில் வைத்து, பீன்ஸ் விதையிலிருந்து கிடைக்கும் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தால் அவற்றைப் பிரியத் தூண்டுகிறோம். 44ஆம் மணியளவில் சைட்டோகலாசின்-பி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் செல்லின் கரு (நியூக்ளியஸ்) இரண்டாகும், செல் மட்டும் பிரியாமல் நின்றுவிடும். ஃபெனெக், மோர்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் வெளியிட்ட இம்முறையில், 72ஆம் மணியளவில் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, இரட்டைக் கரு கொண்ட 1000 செல்களையாவது பார்க்கிறோம். சிலவற்றில் இரு கருக்களுக்கு அருகே மூன்றாவதாகச் சின்னஞ்சிறு வட்டம் ஒன்று தெரியும். உடைந்த குரோமோசோம் துண்டோ, பிரிவின்போது பின்தங்கிய முழுக் குரோமோசோமோ அப்படி நுண்கருவாக ஒதுங்குகிறது. அதன் விட்டம் முதன்மைக் கருவின் பதினாறில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயத் துகளையும் சேர்த்து எண்ணிவிடுவோம்.

சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. வயது கூடக் கூட நுண்கருக்கள் கூடும். பெண்களுக்குப் பொதுவாகவே சற்று அதிகம். ஃபோலேட், பி12 குறைபாடும் அவற்றைக் கூட்டும். அந்த முதல் மாதிரி இல்லாமல் பிந்தைய எண்ணுக்குப் பெரிதாகப் பொருளில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதும் வீண்தான், ஏனெனில் ஒரே 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சானாலும், அது படும் பரப்பு விரிந்தால் அதில் சிக்கும் லிம்போசைட்டுகளும் அதிகம்.

சிகிச்சையின்போது எண் உயர்வது எதிர்பார்த்ததே. டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் வேலை செய்கின்றன. அறிக்கையைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்த நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது: இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் மருந்தளவை மாற்றுவதில்லை, இன்னாருக்குப் பின்னாளில் இரத்தப் புற்றுநோய் வருமென்றும் இது சொல்லாது. அந்த ஆபத்தைக் கவனிக்கச் சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வழக்கமான இரத்த அணு எண்ணிக்கையும், ஐயம் எழுந்தால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் இருக்கின்றன.

இரத்தம் கொடுக்கும்போது புகைப்பழக்கம், அண்மையில் எடுத்த சிடி ஸ்கேன், ஏற்றிக்கொண்ட இரத்தம், உட்கொள்ளும் வைட்டமின் மாத்திரைகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.