மணம் எழும்பினா பசளை வேலை செய்யுதெண்டு ஆர் சொன்னது?

இந்தப் போகத்தில இது மூண்டாவது ஆள். போன கிழமை விசுவமடுப் பக்கத்தில ஒரு ஐயா, மிளகாய்த் தோட்டத்துக்கெண்டு எஸ்.ஏ. பசளையையும் சுண்ணாம்பையும் ஒண்டாக் கொட்டி, தண்ணி தெளிச்சு, சாமான் அறைக் கதவைச் சாத்திப்போட்டுக் கலந்திருக்கிறார். கண் சிவந்து இருமி இருமி நிண்டவர் என்னட்டைச் சொன்ன முதல் கதை, "தம்பி, நல்ல வீரியமான பசளை, மணத்திலயே தெரியுது."

ஐயோ ஐயா, அந்த மணம்தான் உங்கட பசளை. அது பயிருக்குப் போகேல்லை, கூரைக்குப் போகுது. எஸ்.ஏ. எண்டா அமோனியம் சல்பேற், 100 கிலோவில 21 கிலோதான் நைதரசன், அது உப்புக்குள்ள கட்டுப்பட்டுக் கிடக்கும்வரை மணக்காது. ஈரத்தோட சுண்ணாம்பு பட்டா கட்டு அவிழ்ந்து நைதரசன் அமோனியா வாயுவா எழும்பிப்போகும், மிஞ்சிறது நைதரசன் இல்லாத ஜிப்சம். காசு குடுத்து வாங்கினதைக் காத்துக்கு விட்டிட்டு ஜிப்சத்தை மிளகாய்க்குப் போடுறியள். பள்ளிக்கூடத்தில ஓ.எல். விஞ்ஞானத்தில அமோனியா பட்டு ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகிறதைப் பாத்திருப்பியள், அதே பரிசோதனைதான், தாளுக்குப் பதிலா உங்கட கண்.

கோழி எரு மணக்குது, பயிரும் வளருது, அதால மணந்தா வீரியம் எண்டு நினைக்கிறியள், விளங்குது. ஆனா அங்கயும் மூக்கில அடிக்கிறது பயிருக்குக் கிடைக்காமப் போறதுதான்.

2021இல இலங்கையில இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டின பிறகு, ஒரு மூட்டையை ரெண்டாக்கிற யோசனையில யூரியாவுக்குச் சாம்பல் கலக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். சுண்ணாம்பு மாதிரிச் சாம்பலும் காரம்தான், அமிலத்துக்கு எதிரானது. யூரியாவோட உடன மணக்காது, ஆனா மண்ணில யூரியா உடைஞ்சு அமோனியமா மாறேக்க காரம் கூடினா பறந்திடும். 50 கிலோ மூட்டையில 23 கிலோ நைதரசன், நட்டக்கணக்கை நீங்களே பாருங்கோ.

சுண்ணாம்பு போட்டா ரெண்டு கிழமை விட்டுப் பசளை போடுங்கோ. தோட்டத்தில யூரியாவை மேலால தூவி வெயிலுக்கு விடாம மண்ணால மூடித் தண்ணி கட்டுங்கோ. பூட்டின அறைக்குள்ள எதையும் கலக்காதேங்கோ. கண்ணில பட்டா கால் மணித்தியாலமாவது ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, காரத்துக்கு அமிலமெண்டு தேசிக்காய்ப் புளி விடுற விஞ்ஞானம் வேண்டாம். கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடரைப் பசளை வாளியில கரைக்கிற ஆக்களே, யூரியாவோட அது சேர்ந்தா வெடிக்கிற சாமானும் வரும், தயவு செய்து வேற வாளி எடுங்கோ.

ஐயாவுக்கு இப்பக் கண் சுகம். மிஞ்சின கலவையைத் தென்னைக்குப் போடட்டோ எண்டு கேட்டவர். வெளியால பரப்பிக் காயவிட்டிட்டுப் போடுங்கோ, ஆனா பசளைக் கணக்கில எழுதாதேங்கோ எண்டன்.