வலி போய்விட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

"டாக்டர், இது ஆயுசுக்கும் இருக்குமா?" மூட்டு வீங்கி வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார்கள். வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர்களுக்காகக் கூட வந்த மகளோ மகனோ கிளம்பும்போது மெதுவாகக் கேட்பார்கள். எந்த மூட்டுவாதம் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூட்டுவாதம், அதாவது ஆர்த்ரைட்டிஸ் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டு நோய்களுக்கான பொதுப்பெயர். சிக்குன்குனியாவுக்குப் பிறகு வரும் மூட்டுவலி பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். சிலருக்கு இழுத்துக்கொண்டு போகும். யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வருவது கவுட். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழேயே இருக்கும்படி தொடர்ந்து பார்த்துக்கொண்டால் படிகங்கள் மெல்லக் கரைந்து, நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய் எரியும் அந்த வலி வராமலே செய்துவிடலாம். ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உள்ளே கிருமி புகுந்திருந்தால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகிவிடும்.

நீண்ட காலம் கூடவே வருவதில் நான் அதிகம் பார்ப்பது மூட்டுத் தேய்மானமும் முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) தான். தேய்மானம் உள்ளவர் காலையில் எழுந்து கொஞ்ச நேரம் நடமாடினால் அரை மணிக்குள் விறைப்பு விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம் தாண்டியும் விரல்கள் மடங்காது. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம் இருக்கும். விரல்களின் அடிக்கணுக்களைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக அமுக்குவேன். முகம் சுளிந்தால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ரத்தப் பரிசோதனை அதற்கு அப்புறம்தான். அதில் ஒன்றும் தெரியாமலேயே முடக்குவாதம் இருப்பவர்களும் உண்டு.

தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவின் கையை என்னால் மறக்க முடியவில்லை. முடக்குவாதத்துக்கு ஓராண்டு மருந்து எடுத்து நன்றாகத் தேறியவர். அப்புறம் வரவே இல்லை. ஏழு மாதம் கழித்து வந்தபோது மோதிரம் கைப்பைக்குள் இருந்தது, விரலில் ஏறவில்லை. ஆள்காட்டி விரல் லேசாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் விரல் கணுவின் ஓரத்தில், முன்பு இல்லாத ஒரு சிறு குழி. "நல்லாத்தானே டாக்டர் இருந்தேன், அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டேன்" என்றார்.

யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான். காய்ச்சல் விட்டால் மாத்திரையை விடுகிறோம், இதையும் அப்படித்தானே நினைப்பார்கள்? முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. மருந்து அதை அடக்கி வைத்திருந்ததால்தான் அவர் நன்றாக இருந்தார். வலி அடங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே நான் உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்துச் சீட்டை நீட்டுகிறேன்.

இதில் முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து இது. தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

அந்த ஆறு வாரம் பொறுக்க முடியாமல்தான் பலர் ஸ்டீராய்டிலேயே தங்கிவிடுகிறார்கள். 1948இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. பின்விளைவுகளும் அதே வேகத்தில் தெரிய வந்தன: எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். மருந்து பிடிக்கும் வரை சிறிய அளவில் சில வாரம் நாங்களும் கொடுக்கிறோம், குறைத்து நிறுத்துகிறோம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்று பெயரில்லாமல் தரப்படும் பொடியில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம், கவனம். வலி மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போடுவதும் வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சரி, முடக்குவாத மருந்தை நிறுத்தவே முடியாதா? நோய் பல மாதங்கள் முழுக்க அடங்கியிருந்தால் அளவை ஒவ்வொரு படியாகக் குறைத்துப் பார்ப்போம். பலருக்குக் குறைந்த அளவு போதும், சிலருக்கு மருந்தே இல்லாமலும் ஓடும். நிறுத்தியபின் திரும்பி வருவது சகஜம் என்பதால்தான் என் கண் முன்னால் குறையுங்கள் என்கிறேன்.

தேய்மானத்தில் கதை வேறு. தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சைப் பிழிந்து விடுவது போல, நடக்கும்போது அமுங்கி விரியும் அசைவில்தான் அதற்கு ஊட்டமே போகிறது. அதனால் முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தால் இன்னும் மோசமாகும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகுவதை உணர்ந்து, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினமும். தொடைத் தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தாலே, ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. இவ்வளவுக்குப் பிறகும் தூக்கமும் நடையும் கெட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவை பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கின்றன.

அந்த அம்மாவுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். நாலு மாதத்தில் வீக்கம் வடிந்தது. போன முறை வந்தபோது கையை மேசை மேல் விரித்துக் காட்டினார். சாய்ந்த விரல் சாய்ந்தபடியேதான் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்றார்.